உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீட்டுக்குப் பூ அனுப்ப யாரைப் பிடிப்பது?

உச்சிப்புளி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், அம்மா அப்பா உச்சிப்புளியில். ஆவணியில் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது. லீவு கேட்டுப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நல்ல பூவாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

போன வருடம் மண்டபத்தில் சித்தி மகள் வளைகாப்புக்கு ஓர் இணையதளத்தில் ஆர்டர் போட்டேன். பின்கோடு கொடுத்ததும் டெலிவரி உண்டு என்று காட்டியது, பணமும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மதியம் யாரோ சித்தி வீட்டுக்குப் போன் செய்து, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். வளைகாப்பு வீட்டிலிருந்து யார் கிளம்பிப் போவது? மறுநாள் சித்தப்பா போய் வாங்கி வந்தார். படத்தில் இருபது ரோஜா இருந்தது. வந்தது பன்னிரண்டு, அதுவும் இதழ் ஓரமெல்லாம் கருத்துப்போய். பணம் போனது போகட்டும். விசேஷம் முடிந்த வீட்டுக்கு வாடின பூ என் பெயரில் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஊர்க்கடைக்காரர்களிடம் நேராகப் பேசி அனுப்ப வழி இருக்கிறதா? அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கொண்டல்:

எங்களுக்கும் இதே கதைதான். அக்கா பிள்ளையின் புதுநன்மைக்கு (முதல் நற்கருணை விழாவுக்கு) என்று போட்ட பொக்கே, பூசை முடிந்து விருந்தும் முடிந்த பிறகு வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் என்றாலே அந்த இணையதளங்களுக்குத் தூரமாகிவிடுகிறது.

பூக்கடை அண்ணன்:

தங்கச்சி, ராமநாதபுரத்தில் எங்களுக்குப் பூக்கடை. அப்பா வைத்த கடை, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். இந்த ஆர்டர் எங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று சொன்னால், எங்கே பிசகுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இணையதளம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பக்கம் சொந்தக் கடையும் கிடையாது, ஆளும் கிடையாது. 623 என்று பின்கோடு தொடங்கினால் ராமநாதபுரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொண்டியும் அதில்தான் வரும், ராமேஸ்வரமும் அதில்தான் வரும். கடையிலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். தொண்டி வேறு திசை. நீங்கள் கட்டிய பணத்தில் அவர்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்களுக்குத் தருவதாகச் சொல்லி, 'இந்தப் படத்தில் உள்ளதுபோல் செய்து கொடுங்கள்' என்பார்கள். அந்த மிச்சத்தில் இருபது ரோஜா வராது. பைக்கில் மண்டபம் வரை ஒரு பையனை அனுப்பினால் போய்வரும் பெட்ரோலுக்கும் காணாது. சில கடைக்காரர்கள் ஆர்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சிலர் ஒப்புக்கொண்டுவிட்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். செய்தது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உங்களுக்கும் கடைக்காரனுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அப்புறம் ரோஜா. பொக்கேக்கு வைக்கும் நீளக்காம்பு ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து, மதுரையிலிருந்து பஸ்ஸில் எங்களுக்கு வருகிறது. எங்கள் கைக்கு வரும்போதே பறித்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். குளிர் அறை வைத்த கடைகள் எங்கள் பக்கம் குறைவு. ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது உப்பும் மணலும் சேர்ந்து வரும். அதில் பைக்கில் ஒரு மணி நேரம் பொக்கேயைக் கொண்டுபோனால் முதலில் காய்வது ரோஜா இதழின் ஓரம்தான். உங்கள் சித்தி வீட்டுக்கு வந்த பூவை நான் பார்க்கவில்லை. கருப்பு ஓரம் என்று நீங்கள் சொன்னதும் காற்று வாங்கின பூ என்றுதான் நினைத்தேன்.

வெளியூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பூ தலைக்கா, சாமிக்கா, மேஜைக்கா? தலைக்கு என்றால் மல்லி, பிச்சி, கனகாம்பரம். சாமிக்கு என்றால் அது வேறு கட்டு, வேறு பூ. மேஜைக்கு என்றால்தான் பொக்கே. ஆர்டர் போடும் படிவத்தில் இந்தக் கேள்வி இருப்பதில்லை. நம் வீடுகளில் பூ வந்தால் அம்மா முதலில் கத்தரித்து யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். பொக்கேயைப் பிரிக்க முடியாது. அதனால் கொஞ்ச நேரம் டிவி மேல் இருக்கும், பிறகு அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

கல்யாண நாள் என்றீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு மாலையும், ஒரு பந்து மல்லிச் சரமும் அனுப்புங்கள்.

தேவிபட்டினம் வாத்தியார்:

கடைக்காரர் சொன்ன ஏற்பாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1910இல் அமெரிக்காவில் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரு ஊர்க் கடையில் வாங்கிய ஆர்டரை இன்னொரு ஊர்க் கடைக்குத் தந்தியில் சொல்வார்கள், அங்கிருக்கும் கடைக்காரர் தன்னிடமுள்ள பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பூ பயணம் செய்யாது, சொல் மட்டும்தான் பயணம் செய்யும். அந்த முறை நன்றாக நடந்ததற்குக் காரணம், இரண்டு முனையிலும் பூ தெரிந்த ஆள் இருந்தார். இப்போது ஒரு முனையில் படம் மட்டும் இருக்கிறது. உச்சிப்புளி மகள் கேட்பது அந்தப் பழைய முறையைத்தான், தந்திக்குப் பதில் வாட்ஸ்அப்.

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:

மல்லி என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நாங்கள் மல்லிகை நாற்று போடுகிறவர்கள். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்த மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாற்று நிறையப் போவது எங்கள் தீவிலிருந்து என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. இங்கே மண் வெறும் மணல். குச்சியை ஊன்றினால் தண்ணீர் தேங்காது, வேர் அழுகாது, நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுபடாமல் அப்படியே வரும். வேளாண் பல்கலைக்கழகத்தின் மல்லிகை ரகப் பட்டியலில் 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்றே ஒரு பெயர் இருக்கிறது.

இவ்வளவும் இருக்க, எங்கள் ஊர் வீட்டுக்கு யாரோ எங்கிருந்தோ ஓசூர் ரோஜா அனுப்புகிறார்கள் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்கிறேன். மல்லியை விடியுமுன் மொட்டாகப் பறிக்கிறோம். அது மலர்வது அன்று பொழுது சாய்ந்த பிறகு. அதனால் காலை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குகிறவர் கையில் பச்சை வாடையுள்ள மொட்டுதான் இருக்கும். மாலை ஐந்து மணிக்குப் போனால், அவர்கள் தலையில் வைத்த பிறகு அங்கேயே விரியும், வீடு முழுக்க மணக்கும். டெலிவரி நேரம் கேட்டால் சாயங்காலம் என்று சொல்லுங்கள்.

சென்னைவாசி பரமக்குடி:

எல்லோரும் மல்லி மல்லி என்கிறீர்கள், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. என் அம்மா டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். முடி வெட்டிக்கொண்டார், பூ வைப்பதில்லை. அவருக்குப் பிடித்தது கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் ரோஜா. போன பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய பொக்கேயைப் பிரித்து, ஜாடியில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, காம்பை நறுக்கி நறுக்கி ஒரு வாரத்துக்கு மேல் காப்பாற்றினார். அது அவருக்கு வந்த பூ, யாருக்கும் பங்கு வைக்கத் தேவையில்லாத பூ. அந்த ஆசையைக் குறைவாகப் பேச வேண்டாம்.

பூக்கடை அண்ணன்:

நீங்கள் சொல்வது சரி. மேஜைக்கா என்று நான் கேட்பதே அதற்காகத்தான். பொக்கே வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள், மதுரையிலிருந்து அன்று காலை வரும் பூவில் விரியாததாகப் பார்த்து எடுத்து வைக்கிறோம். கட்டும்போது அடிக்காம்பில் ஈரப்பஞ்சு வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். நிறையக் கடைகளில் வெறும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அதில் காம்புக்குத் தண்ணீரே கிடையாது. வீட்டில் வாழைப்பழத் தாருக்கும் மாம்பழக் கூடைக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பழம் கனியும்போது வரும் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்துவிடும்.

கீழக்கரை வாப்பா:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர் விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரையில் நிறைய வீடுகளில் ஆண்பிள்ளைகள் துபாய், மலேசியா என்று வெளியே இருக்கிறார்கள். பெருநாளைக்கும் நிக்காஹ் நாளுக்கும் உம்மாவுக்கு, பொண்டாட்டிக்கு, லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்குப் பூ அனுப்ப ஆசைப்படுவார்கள். எங்கள் பெண்கள் மல்லி வைப்பார்கள், நல்ல பிரியமாக வைப்பார்கள். பிரச்சினை பூவில் இல்லை, வாசலில்.

பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் தெரியாத பையன் வந்து கதவைத் தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்து வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று நின்றால் யாருக்குப் பிடிக்கும்? என் மச்சான் மகளுக்கு அப்படி நடந்தது. அவள் பூவை வாங்கவே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கம் அனுப்பின மாப்பிள்ளைக்கு மனக்கஷ்டம். ஆகவே ஊரில் வழக்கமாகப் பூ கொண்டுவரும் பூக்கார அம்மாவையே பிடியுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் இருப்பார். எந்த வீட்டில் எந்த நேரம் போகலாம், எந்த வாசலில் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும், அடுப்படி வரை போய்க் கொடுத்துவிட்டு வருவார். நான் மாதம் ஒருமுறை சேர்த்துப் பணம் அனுப்பிவிடுவேன், வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு இரண்டு முழம் போய்விடும். ரசீது, போட்டோ ஒன்றும் கிடையாது. உம்மா போனில் 'பூ வந்துருச்சு' என்று சொல்வதுதான் கணக்கு.

ஏர்வாடி தர்காவுக்குப் பூப்போர்வை போட வேண்டும் என்று நேர்ந்திருந்தால் அதை இங்கிருந்து கட்டி அனுப்ப வேண்டாம், தர்கா வாசலிலேயே கட்டித் தருவார்கள். உங்கள் சார்பில் போகிறவரிடம் பணம் கொடுத்துவிட்டால் போதும்.

சாயல்குடி மகள்:

எனக்கு ஒரு கேள்வி. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மாவின் பிறந்தநாளுக்குப் பூ அனுப்பலாம் என்று தம்பி சொல்கிறான். அவன் பெங்களூரில் இருக்கிறான், பொக்கேதான் அவன் மனதில். அம்மாவுக்கு மல்லி என்றால் உயிர். அப்பா இருந்தவரை அம்மா தலையில் பூ இல்லாத வெள்ளிக்கிழமையை நான் பார்த்ததில்லை. மல்லியை அனுப்பினால் தெருவில் நாலு பேர் பேசுவார்கள், அம்மாவே வருத்தப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பாமல் விட்டால் அதுவும் மனதுக்குச் சரியாக இல்லை.

பாம்பன் கொண்டல்:

அக்கா, அனுப்புங்கள். பூ பிறந்ததிலிருந்து வைத்தது. கல்யாணத்தோடு வந்ததில்லையே, பிறகு ஏன் அப்பாவோடு போக வேண்டும்?

தேவிபட்டினம் வாத்தியார்:

நியாயம் கொண்டலார் பக்கம்தான். ஆனால் அந்தத் தெருவில் நாளைக்கும் இருக்கப்போவது அம்மா. நாம் இங்கிருந்து தைரியம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். முதலில் அவரிடமே கேளுங்கள். திடீரென்று போய் நிற்கும் பரிசாக இது வேண்டாம்.

பூக்கடை அண்ணன்:

தங்கச்சி, இந்தக் கேள்வி எங்கள் கடைக்கு அடிக்கடி வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து 'அம்மாவுக்கு மல்லி' என்று சொல்வார்கள், நான் மெதுவாக 'அப்பா நல்லா இருக்காங்களா' என்று கேட்பேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.

நான் செய்வதைச் சொல்கிறேன். கட்டின சரமாக அனுப்புவதில்லை. உதிரி மல்லியாக, வாழை இலையில் பொதிந்து அனுப்புவேன். உதிரிப்பூ அம்மா கையில் இருந்தால் அது அவர் முடிவு. அப்பா படத்துக்குச் சரம் தொடுக்கலாம். சாமி தட்டில் போடலாம். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தூங்கலாம். தொடுத்துத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளலாம். நீங்களும் சொல்லவில்லை, தெருவும் சொல்லவில்லை. சிக்கல் என்ற ஊருக்கு அருகில் ஒரு வயதான அம்மாவுக்கு இப்படி அவர் மகன் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். முதல் தடவை எங்கள் பையன் கொடுத்தபோது இலையைப் பிரித்து முகத்தை அப்படியே அதில் வைத்துக்கொண்டார்களாம். நாரும் சேர்த்து அனுப்பு என்று அடுத்த மாதம் அவர்களே சொன்னார்கள். யாருக்குத் தொடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

சாயல்குடி மகள்:

அண்ணா, ரொம்ப நன்றி. தம்பிக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இன்று இரவு பேசுகிறேன்.

முத்துப்பேட்டை ரோசி:

கல்லறைத் திருநாளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நவம்பர் 2 அன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு குழியையும் மண் சீர்செய்து, செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பி, மெழுகுதிரி ஏற்றுவோம். வெளியே இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு வர முடியாமல் போவதுதான் பெரிய வலி. இரண்டு வருடமாக நானும் என் நாத்தனாரும் தெரிந்தவர்களுக்காக இதைச் செய்கிறோம். பூவுக்கு உண்டான காசை மட்டும் வாங்கிக்கொள்வோம். பெயரைச் சொன்னால் போதாது, குழி எந்த வரிசையில், பக்கத்தில் யார் என்று சொல்ல வேண்டும். மழைக் காலம் என்பதால் பூவை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவோம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் மதுரைப் பூ வருமா வராதா என்று சொல்ல முடியாது. அப்படி ஆன ஒரு வருடம் வேலியோரம் பூத்த அரளியையும் செம்பருத்தியையும் பறித்து வைத்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

இப்படி வேண்டுமென்றால் உங்கள் பங்குக் கோயில் மரியாயின் சேனை ஆட்களைக் கேளுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். தவக்காலத்தில் மட்டும் கோயிலுக்குப் பூ அனுப்ப வேண்டாம், பீடத்தில் வைக்க மாட்டார்கள்.

திருப்புல்லாணி தாழை:

இடையில் ஒரு விஷயம். நம் கடற்கரையின் சொந்தப் பூ தாழம்பூ. பிறந்த வீட்டிலிருந்து தாழம்பூச் சடைக்கு என்று பூ வந்தால் அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை! இப்போது யாரும் கேட்பதில்லை, அதனால் பறிக்கவும் ஆள் இல்லை. சிவன் கோயிலுக்குத் தாழம்பூ ஆகாது என்பார்கள், ஆனால் உத்தரகோசமங்கையில் சாத்துகிறார்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நாலு நாள் அவகாசம் கேட்பார், ஆனால் ஒரு மடல் போதும், பீரோவில் சேலைக்கு நடுவில் வைத்தால் மாதக்கணக்கில் வாசம் நிற்கும்.

உச்சிப்புளி மகள்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்பங்கியில் இரண்டு மாலை, அம்மாவுக்கும் தெருப் பெண்களுக்கும் சேர்த்து ஒரு பந்து மல்லி என்று முடிவு செய்திருக்கிறேன். பணம் எப்படி அனுப்புவது, எப்போது சொல்வது? ஆவணி முகூர்த்த மாதம் என்பதால் விலை ஏறுமா?

பூக்கடை அண்ணன்:

ஏறும். பங்குனி சித்திரையில் கிலோ 300 ரூபாய்க்கும் கீழே போகும் குண்டுமல்லி, தை முகூர்த்தத்தில் பனியால் வரத்து குறைந்து 3000 தாண்டுவதைப் பார்த்திருக்கிறோம். ஆவணியில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் வளர்பிறை முகூர்த்தமாக இருந்தால் ஒரே நாளில் இரண்டு மடங்கு ஆகும். அதனால் எந்தக் கடையில் பேசினாலும் 'இத்தனை முழம்' என்று பேசாதீர்கள். 'இத்தனை ரூபாய்க்கு அன்றைய விலையில் என்ன வருமோ அதைக் கட்டுங்கள்' என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கும் நெருக்கடி இருக்காது, பழைய பூவைக் கலக்கவும் தேவை வராது.

ஒரு வாரம் முன்னால் சொல்லி, பாதிப் பணம் ஜிபேயில் போட்டால் போதும். மீதியைப் பூ போய்ச் சேர்ந்த பிறகு கொடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கும் கடையாக இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள், எங்கள் கடையாக இருந்தாலும் சரி. கட்டி முடித்ததும் ஒரு போட்டோ, வாசலில் கொடுக்கும்போது ஒரு போன், இந்த இரண்டும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வழி சொல்லும்போது கதவு எண் வேண்டாம், எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை, யார் வீட்டுக்கு எதிரே என்று சொல்லுங்கள். உச்சிப்புளிக்கு நாங்களே பஸ்ஸில் கொடுத்துவிடலாம், ஆனால் ஸ்டாண்டில் வந்து வாங்க உங்கள் வீட்டு ஆள் வேண்டாம். அங்கேயே பூ விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருக்கு உண்டான கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். எண் எதையும் இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் பேசிக்கொள்வோம்.

தொண்டி கரைவலை:

அவசரம். திருவாடானைப் பக்கம் நண்பரின் தகப்பனார் இன்று மாலை தவறிவிட்டார். நான் சென்னையில் இருக்கிறேன், காலை எடுப்பதற்குள் வர முடியாது. மாலை ஒன்று போக வேண்டும். யாரைக் கேட்பது?

பூக்கடை அண்ணன்:

திருவாடானையிலேயே பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூக்கடைகள் இருக்கின்றன, ராமநாதபுரத்திலிருந்து அனுப்பினால் நேரம் ஆகும். துக்க வீட்டு மாலைக்கு ராத்திரியிலும் போன் எடுப்பார்கள். ரோஜா மாலை என்று கேட்காதீர்கள், இந்த நேரத்தில் பூ இருக்காது. சம்பங்கி, அரளி, செவ்வந்தி எது இருக்கிறதோ அதில் ஆள் உயர மாலையாகக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டச் சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தில் யார் மாலை என்று தெரியாமல் போய்விடும். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று நண்பர் வீட்டில் வேறு யாரிடமாவது கேட்டுவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேரும்படி சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன், இப்போதே கூப்பிடுங்கள்.

தொண்டி கரைவலை:

பேசிவிட்டேன். கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், காலை ஆறரைக்குப் போய்விடும் என்றார். நன்றி அண்ணா.